மறுகா

ஸ்வெட்டரைக் கல்முனையில் கழற்றினேன்.
மிச்ச வழியெல்லாம் அது மடியில்
நனைந்த ஆட்டுக்குட்டி போலக் கிடந்தது.
களுவாஞ்சிகுடியில் இறங்கியபோது
சட்டையும் முதுகும் ஒன்றாகியிருந்தன.

எனக்கு மீற்றர் வாசிக்கும் வேலை.
படலை திறந்து, நாய் பார்த்து,
இலக்கம் குறித்து, பில் கிழித்துக் கொடுப்பது.
முதல் கிழமையே கண்ணில் பட்டது:
பில்லில் பெயரெல்லாம் பெண்கள்.
சீனித்தங்கம். நேசமலர். கண்ணம்மை.
வீடு இங்கே மகளுக்குப் போகும்,
மகன் இன்னொருத்தியின் வீட்டுக்குப் போவான்.
எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பராவுக்கும்
ஒரே மீற்றர்,
பெயரும் தோட்டத்தின் பெயர்.
வெயிலில் நின்று
ஒரு பெண்ணின் பெயரை மூன்று தரம் வாசித்தேன்.
"என்ன தம்பி, பிழையா கிடக்கா?"
இல்லை என்றேன்.

சீனித்தங்கம் வீட்டு நாய் கட்டாமல் நின்றது.
"மறுகா வாங்க" என்றார்.
எனக்குத் தெரிந்த தமிழில்
மறு என்றால் மாட்டேன் என்று சொல்வது,
இல்லாவிட்டால் முகத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.
சைக்கிளைத் திருப்பினேன்.
அடுத்த வளவிலும் மறுகா.
தேத்தண்ணிக் கடையில் "மறுகா, வடை தரவா?"
சலூனில் ஒருவர்
கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்தபடி "மறுகா?" என்று
கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தார்.
ஊரே கூடி என்னை மறுக்கிறது என்று
இரவு கொசுவலைக்குள் படுத்து
முகட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் கிழமை, அலுவலகத்துப் பியோன் தவநேசன்
சிரித்துச் சிரித்து இருமினான்.
"மறுகா என்டா பிறகுடா!"
பிறகு.
திரும்பி வரச் சொல்லியிருக்கிறார்கள்,
படலைக்குப் படலை.

படுவான்கரையிலும் எனக்கு வீடுகள் உண்டு.
குருமண்வெளித் துறையில் முதல் நாள்
"பாதை அக்கரையில நிக்குது, இப்ப வரும்" என்றார்கள்.
பாதை எப்படி வரும்?
வந்தது.
ஓர் இரும்புத் தட்டு, ஏழெட்டு மோட்டார்சைக்கிள்,
தயிர்ச் சட்டிகள், குடை பிடித்த ஒரு டீச்சர்.
எங்கள் பாதைகள் ஏறும், வழுக்கும்,
மழைக்கு உடைந்து விழும்.
ஆளைத் தேடி வந்து ஏற்றிக்கொண்டு போனதில்லை.
கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை:
சூரியனை வைத்து முகவரி சொல்கிறார்கள்.
மலையில் அது எழுவதும் படுவதும் யாருக்குத் தெரியும்?
மூடுபனிக்குப் பின்னால் நின்று
கடன்காரனைப் போல எட்டிப் பார்க்கும்.

எல்லாம் பிடித்ததென்று சொல்லமாட்டேன்.
உப்புக் காற்று என் சைக்கிள் சங்கிலியைத் தின்கிறது.
மத்தியானம் ஒரு மணிக்கு
மனிதர் நடக்கக் கூடாது.

வைகாசியில் அம்மன் கோயிலுக்குத்
தற்காலிக இணைப்புக் கொடுக்கப் போனோம்.
கம்பத்தில் ஏறியவன் இறங்கிப் போன பிறகும்
நான் நின்றேன்.
கோபத்தோடு வந்தவளைக்
குளிரச் சொல்லிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.
ஒருவர் தொண்டை கட்டினால் இன்னொருவர் எடுத்தார்.
வேப்பிலை, பாக்கு வெடித்த மணம்,
மணலில் தூங்கிப்போன பிள்ளைகள்.

எங்களுக்குக் குளிர் சும்மா கிடைக்கும்,
தகரத்தின் ஓட்டை வழியே,
கைப்பிள்ளையின் நெஞ்சுச் சளியில்.
போய்த் தொலை என்றுதான் அதற்குச் சொல்லியிருக்கிறோம்.
அதையா
விடியவிடிய விழித்திருந்து அழைக்கிறார்கள்!
தண்ணீர் தெளித்தபோது
என் கழுத்திலும் நாலு துளி விழுந்தது.
பக்கத்தில் நின்ற நேசமலர் கேட்டார்:
"உங்கட ஊர் இப்பிடித்தானே இருக்கும்?"
"ஓம்" என்றேன்.
பொய்தான். இவ்வளவு இதமாய் இராது.

நேற்றுத் துறையில் நிற்கையில்
மஸ்கெலியாவிலிருந்து தங்கச்சி எடுத்தாள்.
"பாதை வருது, மறுகா கதைக்கிறன்" என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மழைச் சத்தம்.
"என்னாண்ணே? ரோடு எப்புடி வரும்?
என்னாத்த மறுக்குற?"

தட்டு கரையில் இடித்தது.
சைக்கிளை ஏற்றினேன்.
சீற்றில் மடித்துக் கட்டிய ஸ்வெட்டர்
நல்லாய்ச் சுட்டது.